ஒன்பது மணிக்குப் பிறகு

குடிவந்த மூன்றாவது வாரம் கதவுக்கடியில் ஒரு காகிதம் கிடந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சத்தம் வேண்டாம் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. அழகான கையெழுத்து, மரியாதையான வார்த்தைகள். ஆனாலும் மனசு சுருக்கென்றது. குடும்ப ஜெபத்தில் நாங்கள் பாடிய பாட்டுக்கா சத்தம் என்று பெயர்?

அன்று முதல் பாட்டை நிறுத்திவிட்டோம். வேதத்தை வாசிப்போம், ஜெபிப்போம், படுத்துக்கொள்வோம். குளிர், புரியாத உச்சரிப்பு, பதிலே வராத வேலை விண்ணப்பங்கள், இதெல்லாம் மெல்லப் பழகிவிட்டது. பாட்டில்லாத ஜெபம் மட்டும் பழகவே இல்லை.

137ஆம் சங்கீதம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. சிறைப்பட்டுப்போய், கின்னரம் என்ற தந்தி வாத்தியத்தை மரத்தில் மாட்டிவிட்டு, பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதவர்களைப் பாடச் சொன்னார்கள், அவர்களால் முடியவில்லை. எனக்குப் பாட ஆசை, பாடாதே என்கிறார்கள். எப்படியோ, இரண்டு பேருடைய கின்னரமும் மரத்தில்தான் தொங்கியது.

அப்புறம் அப்பா இறந்துபோனார். குடியுரிமைக் காகிதங்களுக்காக என் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கொடுத்திருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. அடக்க ஆராதனையை ஃபோனில் பார்த்தேன். யாரோ கையில் பிடித்திருந்த ஃபோன் அது. பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

அன்றிரவு அம்மா கூப்பிட்டாள். தினமும் கேட்கிற அதே கேள்வி: "ஜெபம் முடிச்சாச்சா? என்ன பாட்டு பாடினீங்க?"

கணவரைப் புதைத்துவிட்டு வந்தவள் இதைக் கேட்கிறாள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சத்தம் கேக்கக் கூடாதுன்னா உதட்டையாவது அசைம்மா. அன்னாள் அப்படித்தானே பண்ணினா?"

ஆமாம். ஒன்று சாமுவேலில் அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலிகூட அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தான். தேவனுக்குக் கேட்டது.

அன்றைக்கே பாடினோம். கிசுகிசுப்பான குரலில், அழுகை நடுவில் வந்து வந்து அடைக்க. துக்கம் குறைந்தபிறகு பாடலாம் என்று காத்திருந்தால் பாடியிருக்கவே மாட்டோம். அப்போஸ்தலர் 16ஐ அந்த வாரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் ஜெபித்துப் பாடுகிறார்கள். சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவியது அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷம் வாசித்தும் இந்த வரிசை என் கண்ணில் பட்டதில்லை. கழுவாத காயத்தோடு பாடியிருக்கிறார்கள்! பூமி அதிரும், கதவு திறக்கும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. பிற்பாடு அதே பிலிப்பி சபைக்குத்தான், தானே காவலில் கட்டப்பட்டிருந்த நிலையில், "சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதினார். சும்மா சொன்ன புத்திமதியாக அதை இனி என்னால் வாசிக்க முடியாது.

இப்போது வீட்டில் மெல்லிய குரலில் ஒரு பாடகர் குழுவே உருவாகிவிட்டது. கைதட்டுவதற்குப் பதிலாக மகள் தலையணையைத் தட்டுகிறாள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மூன்று பேரும் கண்ணைப் பெரிதாக்கி ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வோம், சிரிப்பு வந்துவிடும். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்ன இடத்தை என் கணவர்தான் இப்போது சத்தமாக வாசிக்கிறார், சாயங்காலத்திலேயே.

இந்த ஊர் எங்களுக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் எந்தப் பாட்டையும் அப்பா ஒரு கட்டை உயர்த்தித்தான் ஆரம்பிப்பார், இரண்டாம் சரணத்தில் எல்லோருக்கும் மூச்சு முட்டும். இங்கே யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை.

போன ஞாயிறு அம்மா ஃபோனில் பாட ஆரம்பித்தாள். அப்பாவின் அதே உயர்ந்த கட்டை. ஃபோனின் ஒலியைக் குறைக்கக் கை போனது. மணியைப் பார்த்தேன், எட்டரை. குறைக்கவில்லை.