மூணு மூணு

வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டு வைக்கும் வேலை என்னிடம் வந்தது. குறைந்தது எட்டு எழுத்தாவது வேண்டுமாம். எட்டு இலக்கத்தில் எனக்குப் பிரியமான எண் ஒன்று உண்டு: 73939133. யோசிக்காமல் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஊரிலிருந்து மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "மாப்ள, நெட்டு எப்படிப் போடறது?" என்றார். "ஏழு, மூணு, ஒம்போது, மூணு, ஒம்போது, ஒண்ணு, மூணு, மூணு" என்றேன். கடைசி மூணை நான் அழுத்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு மூணோடு நிறுத்திவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். 7393913.

"மாமா, இதுவும் பகா எண்தான்!"

"அப்ப கனெக்ட் ஆயிடுமா?"

"ஆகாது."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் போனை வாங்கி, கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன். 739391. 73939. 7393. 739. 73. 7. எங்கே நிறுத்தினாலும் பகா எண். இப்படி வாலை நறுக்க நறுக்கப் பகா எண்ணாகவே இருப்பவை மொத்தம் 83தான். அதில் ஆகப் பெரியது நம்ம வீட்டு பாஸ்வேர்டு என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

மாமா மளிகைக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். சும்மா விடுவாரா? "பின்னால இன்னொண்ணு ஒட்டினா பெருசாயிடுமே?" என்று காலண்டர் தாளைக் கிழித்து உட்கார்ந்தார். இரட்டைப்படை ஒட்டினால் இரண்டால் போய்விடும்; 5 ஒட்டினால் ஐந்தால். 1 ஒட்டிக் கூட்டிப் பார்த்தார். "முப்பத்தொம்போது வருது, மூணால போயிடும்." 7 ஒட்டினால் 45, அதுவும் போச்சு. மிச்சம் 3, 9. அவையும் தேறாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வகுத்துக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போனது.

"சரி, முன்னாலேருந்து வெட்டினா?"

"முதல் வெட்டுலயே மாட்டிக்கும் மாமா, 3939133 பதினொண்ணால போயிடும். அதுக்கு வேற எண் இருக்கு, 24 இலக்கம். 357686312646216567629137. வைஃபைக்கு 63 எழுத்து வரைக்கும் வைக்கலாம், மாத்திடட்டுமா?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் மனைவி. "அப்பா வந்து ஒன்றரை மணி நேரமாச்சு. பேத்தி டான்ஸ் ஆடின வீடியோவை இன்னும் பாக்கலை." ஒரு நிமிஷத்தில் பாஸ்வேர்டு மாறியது. மாமாவுக்கும் உடனே கனெக்ட் ஆனது.

புது பாஸ்வேர்டு 12345678.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இரட்டைப்படை எண், கூட்டினால் 36. வாலை நறுக்கினேன். 1234567, சரி, ஒற்றைப்படை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. 127 பெருக்கல் 9721 என்று கவிழ்ந்தது. 123456, 12345, 1234, 123, 12, ஒன்றும் உருப்படியில்லை. கடைசியில் மிஞ்சியது 1. அதையும் பகா எண்ணில் சேர்ப்பதில்லை.