செம்பிக்குப் போட்ட ஊசிகள்

போன வருஷம் மழ மாசத்துல தேயிலத் தோட்டத்து லயத்துல, அதாவது வரிச வீட்டுல, இருக்குற எங்க அம்மா போன் பண்ணி, “லயத்துப் பக்கம் ஒரு பொட்ட நாய் ஒழுக ஒழுகத் திரியுது, பாக்கவே சகிக்கல, எல்லாரும் கல்லெடுத்து அடிக்கிறாங்க, வந்து பாரு”ன்னு சொன்னாங்க. நான் ஹட்டன் டவுன்ல கடையில வேல செய்றேன், லீவு நாள்ல ஒரு அக்கா தன் வீட்டுக்குப் பின்னால தகரக் கூரை போட்டு நடத்துற ஷெல்டர்ல உதவிக்குப் போவேன், அதனால வீட்டுல நாய் விஷயம்னா எனக்குத்தான் போன் வரும்.

போய்ப் பாத்தா கொழுந்து நிறுக்குற எடத்துக்குப் பக்கத்துல படுத்திருந்துச்சு. செவல நெறம், காதுக்குள்ள அட்ட, பின்னால பூக்கோசு மாதிரி ஒரு கட்டி வெளிய தொங்குது, அதுலருந்து ரத்தம் சொட்டுது. தொங்கல் வீட்டு பாட்டி “அது சீக்கு புள்ள, தொடாத, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும்”னு கத்துனாங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், பேரப்பிள்ளைக வாசல்லதான் வெளையாடுது, பயம் இருக்கும்தானே.

பிடிக்கிறப்ப அவசரப்பட்டுட்டேன். படங்கச் சுத்தித் தூக்குறப்ப கையில கடிச்சிருச்சு. உடனே பீலிக்கு ஓடி சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணில கால்மணி நேரம் கழுவுனேன், பொறகு ஆஸ்பத்திரிக்குப் போய் விசர் நாய்க்கடி ஊசி போட ஆரம்பிச்சேன், கவர்மென்ட் ஆஸ்பத்திரில அது இலவசம். சின்னக் கடிதானேன்னு மஞ்சள் வச்சுக் கட்டிட்டு இருக்காதீங்க, விசர் வந்துட்டா அதுக்கப்புறம் மருந்தே இல்ல.

செம்பின்னு பேரு வச்சு, ஷெல்டர்ல மத்த நாய்களுக்கு எட்டாம தனிக் கூட்டுல விட்டோம். கீழ பலக, அதுக்கு மேல சாக்கு, மிஸ்ட் எறங்குனா சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், நோய் புடிச்ச நாய்க்கு அந்தக் குளிரே போதும்.

டவுன்ல ஒரு டொக்டர்கிட்ட காட்டுனோம், பாத்ததும் கேன்சர், வயசும் இருக்கு, விட்டுருங்கன்னு சொல்லிட்டார். அக்கா கேக்கல. பேராதனை யுனிவர்சிட்டி மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு நின்னாங்க. நாயோட பஸ்ல ஏத்த மாட்டாங்க, தெரிஞ்ச தம்பி ஒருத்தரோட த்ரீவீல்ல விடியக்காலையிலயே கெளம்பி, கினிகத்தேன வளைவுல செம்பி ரெண்டு தடவ வாந்தி எடுத்து, நாவலப்பிட்டி கம்பளன்னு போய்ச் சேந்தோம்.

அங்க கட்டில ஒரு கண்ணாடித் துண்ட ஒத்தி எடுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்புல பாத்தாங்க. டொக்டர் நோனா சொன்னது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இதுவும் கேன்சர்தான், ஆனா நாய்க்கு நாய் தொத்துற கேன்சர். சேர்றப்பவும் நக்குறப்பவும் மோந்து பாக்குறப்பவும் அந்த உயிருள்ள செல்லே ஒரு நாய்லருந்து இன்னொண்ணுக்குப் போய் ஒட்டி வளருது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்ன ஏதோ ஒரு நாய்க்கு வந்த செல்லுதான் இன்னும் ஒலகம் பூரா தெருநாய்கள்ல சுத்துதாம். மனுசருக்குத் தொத்தாது. முக்கியமா, மருந்துக்கு நல்லாக் கேக்குற கேன்சர் இது. வின்கிரிஸ்டின்னு ஒரு ஊசி, வாரத்துக்கு ஒண்ணு, கட்டி மறையுற வரைக்கும். அத கேட்டதும் அக்கா அங்கயே அழுதுட்டாங்க.

ஊசி ஒண்ணும் லேசான விஷயம் இல்ல. ரத்தக் கொழாய்க்குள்ளயே போகணும், வெளிய கசிஞ்சா அந்த எடத்துச் சத அழுகிப் போகும், அதனால நான் தலையப் புடிச்சுக்கிட்டு மூச்சு விடாம நிப்பேன். ஒவ்வொரு தடவையும் முதல்ல ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, வெள்ள அணு கொறஞ்சிருந்தா ஊசி கெடையாது. மூணாவது வாரம் எங்களுக்கு அப்புடித்தான் ஆச்சு, அவ்வளவு தூரம் போயும் திரும்பி வந்தோம். ஊசி போட்ட பொறகு ரெண்டு மூணு நாள் மூத்திரம் பீ அள்ளுறப்ப கையுற போட்டுத்தான் அள்ளணும், மருந்து அதுல வெளிய வரும். ஷெல்டர்ல வேற ஒரு அக்கா மாசமா இருந்தாங்க, அவங்கள அந்தக் கூட்டுப் பக்கமே விடல.

காசு? மருந்தவிட த்ரீவீல் ஹயர்தான் கூட. நாலாவது ஊசிலருந்து பேராதனைல எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டக் காட்டி, டவுனுக்குக் கிட்டவே வேற ஒரு டொக்டர் போட ஒத்துக்கிட்டார், அவருக்குக் கோயில் கட்டணும்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். ஊசி போட்ட மறுநாள் மொகத்தத் திருப்பிக்கும். நெத்தலித் தலைய அவிச்சுச் சோத்துல பெசஞ்சு குடுத்தாலும் வேணாம், கோழி ஈரல மட்டும் என் கையிலருந்து வாங்கும், தட்டுல வச்சாத் தொடாது. கடை மூடிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் போய் ஊட்டிட்டு வருவேன்.

ரெண்டாவது ஊசிலயே ரத்தம் நின்னுச்சு. அதப் பாத்து நல்லாயிருச்சுன்னு நிறுத்திடாதீங்க, அரகொறையா விட்டா திரும்ப வளரும், அப்ப மருந்துக்குக் கேக்காமப் போகலாம். ஆறாவது ஊசிக்குப் போறப்ப கட்டி இருந்த எடமே தெரியல. உடம்பு தேற விட்டு, பொறகு கருத்தட ஒபரேஷனும் செஞ்சாச்சு.

செம்பிய அம்மா வீட்டுக்கே கொண்டு போய் விட்டேன். அந்தத் தொங்கல் வீட்டு பாட்டி கிட்ட வந்து வால் பக்கம் குனிஞ்சு பாத்துட்டு, உள்ள போய் ரொட்டித் துண்டு ஒண்ணு எடுத்துட்டு வந்து போட்டாங்க.

ஆனா செம்பிக்கு இந்த நோயக் குடுத்தது யாரு? மேல்கணக்குல, அதாவது தோட்டத்தோட மேல் பிரிவுல, ஒரு கருப்புக் கடுவன் நாய் இருக்கு, அதுக்கும் சொட்டுச் சொட்டா ரத்தம் போகுதுன்னு அம்மா சொன்னாங்க. அத விட்டா அந்த லயத்துல இருக்குற எல்லாத்துக்கும் பரவும். வர்ற சனிக்கிழம காலைல அக்காவும் நானும் புடிக்கப் போறோம், இந்தத் தடவ தடிச்ச கையுறையோட.