மாடு பாக்க வந்த ஆளு

போலீஸ்காரன் ரௌடிக் கூட்டத்துக்குள்ள புகுந்து வேவு பாக்குற படம்னா எனக்குச் சோறு தண்ணி வேணாம். வெட்டுக்குத்து எந்தப் படத்துலதான் இல்ல? இதுல சும்மா ஒக்காந்து கதைக்கிற இடத்துலகூட, எந்த வார்த்தையில மாட்டிக்குவானோன்னு வயித்தக் கலக்கும்.

இங்க இலங்கை மலைநாட்டுல, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துல ஞாயித்துக்கெழம மழ விடவே இல்ல. பெரியப்பாவையும் ஒக்கார வச்சு 'டோனி பிராஸ்கோ' போட்டேன். 1997ல வந்த படம். ஜோ பிஸ்டோன்னு ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி 1976ல நகைத் திருடன் வேஷத்துல நியூயோர்க் மாஃபியாவுக்குள்ள நொழஞ்சு, 1981 வரைக்கும் இருந்த நெசக் கதை. ஜோனி டெப்தான் அந்த அதிகாரி. அவர நம்பிச் சேத்துக்கிற, கடைசிவரைக்கும் தலையெடுக்காத கெழட்டு ரௌடி லெஃப்டியா அல் பசீனோ.

பெரியப்பா பழைய கங்காணி. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏன்டா, இவன் எந்தத் தோட்டம், யாரு வீட்டுப் புள்ளன்னு ஒருத்தனும் வெசாரிக்கலியே?"ன்னாரு.

நாயமான கேள்விதான். நம்ம லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, புது ஆளு வந்தா, பிளேன்டீ ஆறுறதுக்குள்ள அவன் அத்தை எந்த டிவிசன்ல கொழுந்து எடுத்துச்சுங்கிறது வரைக்கும் வெளிய வந்துரும். அங்க "இவன் நம்ம ஆளு"ன்னு லெஃப்டி சொன்னா போதும். ஆனா வந்தவன் போலீஸ்னு தெரிஞ்சா, சொன்னவன் தலை போகும். நெசத்துல கூட்டத்து ஆளுங்க கைய வைக்கிறதுக்கு முந்தியே எஃப்.பி.ஐ. லெஃப்டியப் புடிச்சுருச்சுன்னு நான் சொன்ன பொறகுதான் பெரியப்பாவுக்கு ரொட்டி எறங்குச்சு.

மறுநாள் ஒருத்தர் வந்தாரு. பால்மாடு விலைக்கு இருக்காமேன்னாரு. பெரியப்பா மாட்டக் காட்டுனாரு. வந்தவரு மடியப் பாக்கல, எத்தன போத்தல் கறக்கும்னு கேக்கல. கண்ணு பூரா பக்கத்து வீட்டு வாசல்ல.

"எந்தத் தோட்டம்?"

"மஸ்கெலியா பக்கம்."

"பக்கம்னா? எந்த டிவிசன்?"

மனுசன் முழிச்சாரு. பெரியப்பா மெதுவா குனிஞ்சு அவரு காலப் பாத்தாரு. மாட்டுப்பட்டிக்குப் பாலிஷ் போட்ட சப்பாத்து!

"மாப்பிள்ள ஒங்க மகனா, தம்பி மகனா?"

அவ்வளவுதான், அத்தனையும் வெளிய வந்துருச்சு. பக்கத்து வீட்டு டீச்சர் புள்ளையப் பத்தி ரகசியமா வெசாரிக்க வந்தவராம். மகனுக்காம். போகும்போது கையப் புடிச்சு, "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்ணே"ன்னாரு. பெரியப்பாவும் கௌரவத்துல, "நான் பொறுப்பு"ன்னுட்டாரு.

"இப்ப நீங்கதான் லெஃப்டி. பையன் சரியில்லன்னா ஒங்க தலதான் உருளும்"னேன்.

மூஞ்சி மாறிருச்சு. ராத்திரி என்னயக் கூப்புட்டு, பஸ் காசக் கையில வச்சாரு.

"மஸ்கெலியா போயி அந்தப் பையன் எப்புடின்னு பாத்துட்டு வா. கேட்டா மாடு வாங்க வந்தேன்னு சொல்லு. சப்பாத்து மட்டும் போட்டுக்கிட்டுப் போயிராத."