முப்பது வரை எண்ணுகிறேன்

செப்டம்பர் 6, 2025, சனி

அறுபது தோட்டாவில் நான்கு வெடிக்கவில்லை. போன முறை ஐம்பதில் மூன்று.

விசையை இழுத்தால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உதைப்புக்குத் தயாராக நிற்கும் மணிக்கட்டுக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. குழலை இலக்குப் பலகைப் பக்கமே நீட்டியபடி முப்பது வரை எண்ணுகிறேன். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. அதற்காகத்தான் அந்த முப்பது விநாடி. எண்ணி முடித்தபின் சுடுதள அதிகாரி வெடிக்காத தோட்டாவை வாங்கித் தனி டப்பாவில் போட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டார். இன்று நான்கு முறை எழுதினார். நான்காவது முறை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 23 அன்றுதான் புதிய துப்பாக்கியின் பெட்டியைப் பிரித்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

துப்பாக்கியைச் செய்த ஐரோப்பியத் தொழிற்சாலைக்கு எழுதிவிட்டேன். நான்கு முறை எழுதி அழித்தேன். கோபம் தெரியக் கூடாது, கெஞ்சலும் கூடாது. 110 தோட்டாக்கள், 7 வெடிக்கவில்லை. தொடர் எண், வாங்கிய தேதி, படங்கள்.

படங்களை இரவு முழுவதும் பெரிதாக்கிப் பார்த்தேன். .22 தோட்டாவில் பற்றவைக்கும் கலவை அடிப்பாகத்தின் நடுவில் இருப்பதில்லை; விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் நெருப்பு. வெடித்த கூடுகளில் தடம் ஆழமாக, ஓரங்கள் கூர்மையாக, மெழுகில் நகத்தை அழுத்தினாற்போல் இருக்கிறது. வெடிக்காதவற்றில் பேனா முனை தவறித் தொட்ட அளவுதான். குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

துப்பாக்கி என்னிடம் இல்லை. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில், கிளப்பின் ஆயுதக் கிடங்கில் பூட்டியிருக்கிறது. இங்கே அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. நல்ல சட்டம், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் இரவு 11 மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்க வழியில்லை. என்னிடம் இருப்பது பெட்டியோடு வந்த சோதனை அட்டை மட்டும். தொழிற்சாலையில் இதே துப்பாக்கியால் சுட்ட ஐந்து துளைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பத்துக் காசு நாணயத்துக்குள் அடங்கிவிடும். கீழே தொடர் எண். அதன் பக்கத்தில் நீல மையில் ஒரு சுருக்கொப்பம். முதல் எழுத்து ‘ஆர்’ போல இருக்கிறது. இரண்டாவது புரியவில்லை.

அந்த ஐந்தும் வெடித்திருக்கின்றன.

செப்டம்பர் 9, செவ்வாய்

“உங்கள் கோரிக்கை பெறப்பட்டது.” பதினோரு இலக்க எண் ஒன்று. மனிதர் எழுதியது இல்லை.

செப்டம்பர் 13, சனி

தொண்ணூறில் ஏழு. மொத்தம் 200-இல் 14.

முகவரிடம் பேசினேன். தாங்கள் விற்பவர்கள் மட்டும்தானாம், திறந்து பார்த்தால் உத்தரவாதம் போய்விடுமாம். நான் திறக்கச் சொல்லவில்லையே ஐயா, எனக்காக ஒரு கடிதம் எழுதுங்கள் என்றுதானே கேட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

பதில் வந்துவிட்டது. அங்கே காலை 9 என்றால் இங்கே பிற்பகல் 3. சரியாக 3.10-க்கு வந்தது. அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன்.

மூன்று அறிவுரைகள். துப்பாக்கியைச் சுத்தம் செய்யவும். வேறு தோட்டா பயன்படுத்திப் பார்க்கவும். மூன்றாவது: போதிய உறுதியின்றிப் பிடிப்பதால் இத்தகைய சிக்கல்கள் அடிக்கடி ஏற்படுகின்றன.

போதிய உறுதியின்றி.

கை தளர்ந்தால் காலிக்கூடு சிக்கிக்கொள்ளும், அடுத்த தோட்டா ஏறாமல் போகும், அது உண்மை. ஊசி விளிம்பில் எவ்வளவு ஆழம் பதிகிறது என்பதை என் கை எப்படித் தீர்மானிக்கும்? அதை உள்ளே இருக்கும் சுருள்வில் தீர்மானிக்கிறது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் இன்று இரவு ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் நீட்டி, சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டுக்கு நேராகப் பிடித்து நின்றேன். 40 விநாடியில் தண்ணீரின் மேற்பரப்பு ஆடியது. எல்லாருக்கும் ஆடும். ஆடும்தானே?

அப்பா கடைசி இரண்டு ஆண்டு தேநீரைத் தட்டில் ஊற்றித்தான் குடித்தார். அதுவும் தளும்பும்.

செப்டம்பர் 18, வியாழன்

தூக்கம் இல்லை. வலது கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று எனக்காகப் பயிற்சியாளர்தான் யோசித்தார் என்று சொல்ல வேண்டும். “அழாதே, கணக்கெடு” என்றார்.

முதலில் என் துப்பாக்கியால் அவர் சுட்டார். 50-இல் 4 வெடிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டு இரும்பு. அடுத்து, அதே பெட்டித் தோட்டாக்களைக் கிளப்பின் பழைய துப்பாக்கியில் நான் சுட்டேன். 100-இல் 100. கடைசியாக, அதிகாரியின் அனுமதியோடு, அவர் கையில் வெடிக்காத அந்த நான்கையும் பழைய துப்பாக்கியில் ஒவ்வொன்றாகப் போட்டு, பழைய தடம் வேறு பக்கம் வரும்படி திருப்பிவைத்துச் சுட்டோம். நான்கும் வெடித்தன.

தோட்டாவில் குறை இல்லை, கையிலும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதினேன். மழை. காகிதம் நனைந்தாலும் எழுத்து அழியவில்லை.

வரும் வழியில் பயிற்சியாளர் மனு பாக்கரைப் பற்றிச் சொன்னார். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். போட்டியின் நடுவில் துப்பாக்கியின் நெம்புகோல் உடைந்தது. 19 வயதுப் பெண். ஓடிப்போய்ச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து 575 புள்ளி எடுத்தார், 12-ஆம் இடம். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம். “பார்த்தாயா?” என்றார். எனக்கு அந்தப் பதக்கங்களைப் பற்றி யோசனை ஓடவில்லை. உடைந்ததற்கு அடுத்த நாள் காலையில் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது அந்தப் பெண் என்ன நினைத்திருப்பார் என்றுதான் ஓடியது.

செப்டம்பர் 22, திங்கள்

எல்லாவற்றையும் அனுப்பினேன். மூன்று பக்கம். கடைசி வரியில் “என் பிடியில் குறை இல்லை” என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பலதுறை மருந்தகம். அம்மாவிடம் சொல்லவில்லை. மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து தொடங்கி நத்தைக்கூடு போலச் சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். இரண்டாவது சுற்றில் கோடு ஒரு இடத்தில் நடுங்கியிருந்தது. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காப்பியைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

“துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கட்டி, கூரியர் மூலம் எங்கள் பழுதுபார்ப்புப் பிரிவுக்கு அனுப்பிவைக்கவும்.”

நான் எந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இங்கே உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை. ஆணாக இருந்தால் குறைந்தது 6 பிரம்படியும் சேரும். நான் அதைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பெட்டியில் கட்டித் தபால் நிலைய வரிசையில் நிற்க வேண்டுமாம். அனுமதி, ஏற்றுமதி உரிமம், திரும்ப வரும்போது இறக்குமதி உரிமம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் என்று தெரியாத காத்திருப்பு. ஒரு சுருள்வில்லுக்காக. ஒரு விரல் நீளம் இருக்குமா அது?

எழுதினேன். மரியாதையாகவே எழுதினேன். கை நடுங்கியது, அது கோபம், வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. அம்மா காலையிலேயே கூடத்தில் பாய் விரித்து அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் இயந்திரம், என் கணவரின் டாக்சிச் சாவி, மகளின் மடிக்கணினி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டார். பொரி, கடலை, வாழைப்பழம். மகளின் கணினிக்குச் சந்தனம் வைக்கும்போது விசைகளுக்கு நடுவில் போகாமல் ஓரமாக வைத்தார். எனக்கு அந்தக் கவனம் பிடித்தது.

“உன்னுடையது எங்கேம்மா?”

“அது வீட்டுக்கு வராது அம்மா. தெரியும்தானே.”

“அதற்கு ஏதாவது ஒன்று இருக்குமே.”

அம்மாவுக்குத் துப்பாக்கி பிடிக்காது. பத்து ஆண்டாகச் சுடுகிறேன், ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. அவரே கேட்கிறார். சுடும் கண்ணாடியை எடுத்து வைத்தேன். பிறகு அட்டையையும். அம்மா குனிந்து, ஐந்து துளைகளையும் உற்றுப் பார்த்தார். வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. “இவ்வளவு நெருக்கமாகவா சுடுவார்கள்?” என்றார். அட்டையின் இடது மூலையில் மோதிர விரலால் குங்குமம் வைத்தார். நீல மைக் கையெழுத்தைத் தொடவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

இப்போது அட்டையின் படம் வேண்டுமாம். விலைச்சீட்டும். குங்குமத்தைத் துடைக்கலாமா என்று யோசித்தேன். துடைக்கவில்லை. அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். சாட்சியத்தை யாராவது துடைப்பார்களா?

அக்டோபர் 14, செவ்வாய்

3 மணி. 4 மணி. 5 மணி. ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, சனி

கிளப் போட்டி. பழைய துப்பாக்கியோடு போனேன். புதியதை எடுத்துப்போகத் துணிவில்லை. விரைவுச் சுற்றில் இலக்கு 3 விநாடிதான் தெரியும், 7 விநாடி மறையும். அந்த 3 விநாடிக்குள் கை மேலே வந்து, குறி சேர்ந்து, விசை விட வேண்டும். துப்பாக்கி பழுதானால் கையை உயர்த்திச் சொல்லலாம்; முப்பது குண்டுள்ள ஒரு கட்டத்தில் அது ஒரு முறைதான் செல்லும். இரண்டாவது முறை பழுதானால் அந்தக் குண்டு போனதுதான். என் துப்பாக்கியின் கணக்குப்படி முப்பதில் இரண்டு.

துல்லியச் சுற்று 268, விரைவுச் சுற்று 261. மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை விசை விடும்போதும் ‘டக்’ வருமோ என்று உடம்பு காத்திருக்கிறது. நம்பகமான அந்தப் பழைய துப்பாக்கியிலும் காத்திருக்கிறது. என் ஏழு மாதச் சேமிப்பு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா என் வலது கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

“அட்டையின் இடது மூலையில் சிவப்பு நிறக் கறை காணப்படுகிறது. அது துருவா, எண்ணெயா? துப்பாக்கி ஈரமான இடத்தில் வைக்கப்பட்டிருந்ததா?”

உடனே பதில் எழுதினேன். அது துரு இல்லை, குங்குமம். ஆண்டுக்கு ஒரு நாள் நாங்கள் உழைக்கும் கருவிகளை வணங்குவோம். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாததால், உங்கள் ஊழியர் கையெழுத்திட்ட அட்டையை வைத்து என் தாயார் வணங்கினார். இவ்வளவுதான் எழுதினேன். ஏதோ ஒரு வேகத்தில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: அந்த ஐந்து குண்டுகளைச் சுட்டவரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அன்று எல்லாம் சரியாக இருந்ததா என்று.

அக்டோபர் 24, வெள்ளி

“விளக்கத்துக்கு நன்றி. உங்கள் அட்டையையும் கூடுகளின் படங்களையும் பட்டறைக்கு எடுத்துச் சென்று காட்டுகிறேன்.”

இரண்டே வரி. கீழே ‘வாடிக்கையாளர் சேவைக் குழு’ என்று இல்லை. முதல் முறையாக ஒரு பெயர் இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இனி 4 மணிக்குத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

ஊசியை அடிக்கும் சுத்தியலைத் தள்ளும் சுருள்வில். இருக்க வேண்டிய வலுவைவிடக் குறைவானது பொருத்தப்பட்டிருக்கலாம் என்று நம்புகிறார்களாம். என் எண்ணுக்கு அடுத்தடுத்த சிலவற்றிலும் இதே புகார் வந்திருக்கிறதாம். துப்பாக்கியை அனுப்ப வேண்டாம். புதிய சுருள்வில்லும் ஊசியும் முகவருக்கு அனுப்புவார்கள். அனுமதி ஏதாவது தேவையா என்று முகவர் காவல்துறையிடம் கேட்டுக்கொள்வார். கிளப்பில் வைத்தே ஆயுதப் பழுதுபார்ப்பவர் மாற்றலாம், உத்தரவாதம் போகாது.

‘உங்கள் பிடி’ என்ற சொல் எங்கும் இல்லை. வருத்தம் தெரிவிக்கும் வரியும் இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்தேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்படியானால் உன் கை?” என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் அந்தச் சுருள் தாளைக் காட்டவே இல்லையே.

நவம்பர் 3, திங்கள்

நன்றி எழுதினேன். அதோடு ஒரு கேள்வி: அட்டையில் நீல மையில் கையெழுத்திட்டவர் யார்? புகாருக்காகக் கேட்கவில்லை. அவர் சுட்ட அன்று அந்தச் சுருள்வில் எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். என் கையைச் சந்தேகித்த இந்த ஏழு வாரத்தில் அந்த எழுத்தை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எழுதவில்லை.

நவம்பர் 5, புதன்

பாகங்கள் கிளம்பிவிட்டன என்று முகவர் சொன்னார். கையெழுத்தைப் பற்றிப் பதில் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

மணி 4. அங்கே 9. திறந்திருப்பார்கள்.