நினைவு மலரும் முன்னிருப்பு எழுத்துருவும்

08.06.2025, கொக்குவில்

உறவினர் ஒருவரின் அந்தியேட்டிச் சடங்குக்கான நினைவு மலரை, பக்கம் கோக்கும் மென்பொருளான லாடெக்கில் கோக்கத் தொடங்கினேன். எழுத்துரு எதையும் குறிப்பிடாவிட்டால், நான் பயன்படுத்தும் அதன் வகையான லுவாலாடெக், லத்தீன் மாடர்ன் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. கணினி அறிஞர் கனூத், லாடெக்கின் அடிப்படையான தம் டெக் மென்பொருளுக்காக வரைந்த கம்ப்யூட்டர் மாடர்னின் வழிவந்த அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அப்போது மென்பொருள் எச்சரிக்கை ஒன்றை மட்டும் தந்துவிட்டு, பக்கத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறது. காலமானவரின் பெயரே அச்சேறாத பக்கத்தை முடிந்த பக்கமாகக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 முதல், டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அமைப்புக்கு 3 என்ற மதிப்பைக் கொடுத்தால், விடுபட்ட எழுத்து பிழையாகவே அறிவிக்கப்படும். தமிழில் பக்கம் கோக்கும் எவரும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

11.06.2025

நோட்டோ செரிப் தமிழ் என்ற எழுத்துருவைக் குறிப்பிட்டு, எழுத்துகளை உரிய வடிவிலும் வரிசையிலும் அடுக்கும் பொறுப்பை ஹார்ப்பஸ் என்ற மென்பொருளிடம் விட்டேன். இன்று முழுவதும் கெர்னிங்கிலேயே, அதாவது அடுத்தடுத்த எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்வதிலேயே, மனம் நின்றது. 'வீட்டில்', 'பாட்டனார்' போன்ற சொற்களில் டகரத்தின் வலப்புறம் மேலே திறந்து கிடப்பதால், அடுத்த எழுத்து விலகி நிற்பதுபோல் தோன்றும். இரண்டு டகரங்களை நெருக்க ஒரு விதி எழுதினால் போதாது. இடையிலுள்ள புள்ளி தனி வடிவமாக இருந்தால் விதி அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும், 'ட்' ஒரே வடிவமாக வரையப்பட்டிருந்தால் அவ்வடிவத்துக்கே விதி வேண்டும். கொம்பு இன்னும் நுட்பமானது. 'மகளொடு' என்பதில் ககரத்தை அடுத்துத் தட்டச்சாவது ளகரம். தாளில் அதனருகே நிற்பதோ ஒற்றைக்கொம்பு. ஹார்ப்பஸ் கொம்பை இடம் மாற்றிய பின்னரே கெர்னிங்கைச் செய்வதால், எழுத்துரு வரைபவர் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே கணக்கிட வேண்டும்.

12.06.2025

பக்கம் கோக்கும் இன்னொரு மென்பொருளான டைப்ஸ்டையும் பார்த்தேன். அதன் முன்னிருப்பு எழுத்துருவான லிபர்டினஸ் செரிப்பிலும் தமிழ் இல்லை; ஆனால் கணினியிலுள்ள வேறோர் எழுத்துருவை அது தானே தேடிக்கொள்கிறது. வீட்டுக் கணினியும் அச்சகத்துக் கணினியும் வெவ்வேறு எழுத்துருவைத் தேர்ந்தால் வரிகள் உடையும் இடமே மாறிவிடும். அங்கும் எழுத்துருவின் பெயரை எழுதியே ஆக வேண்டும்.

15.06.2025

நினைவு மலர் என்றாலே ஆண்டுகள் நிறைந்தது. '1952இல்' என்பதில் இலக்கம் ஓர் எழுத்துருவிலும் இகரம் வேறொன்றிலும் இருந்தால் இடையே கெர்னிங் நிகழாது, ஏனெனில் கெர்னிங் அளவுகளின் அட்டவணை ஒவ்வோர் எழுத்துருவுக்கும் உள்ளேயே அடங்கியது. ஆகவே ஆண்டையும் உருபையும் சேர்த்து எழுத ஒரு சிறு கட்டளையை அமைத்து, இடைவெளியை அதிலேயே வைத்துவிட்டேன்.