பெருத்துப்போன நட்சத்திரங்கள்

தொலைநோக்கிப் படங்களில் விண்மீன் மண்டலங்களின் வடிவத்தை அளப்பது என் வேலை. பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை சில பிக்சல் அகலத்துக்கு ஒரு மங்கலான திட்டு, அவ்வளவுதான். அதன் ஒளி, வழியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளைக் கடக்கும்போது அதன் ஈர்ப்பால் வளைவதால் வடிவம் ஏறத்தாழ ஒரு சதவீதம் நசுங்கும். ஆனால் மண்டலமே இயல்பில் நீள்வட்டம். அதனால் கோடிக்கணக்கானவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அந்த நசுங்கல் தெரியும்.

பிரபஞ்சத்தின் விரிவை வேகமெடுக்க வைப்பதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலுக்கு 1998-இல் கிடைத்த சான்று, வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களின் தூரத்திலிருந்து வந்தது. நாங்கள் பார்ப்பது பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதை. ஈர்ப்பு திரட்டுகிறது, வேகமெடுக்கும் விரிவு அதை மந்தப்படுத்துகிறது. தூரம் சொல்லும் கதையும் திரட்சி சொல்லும் கதையும் ஒத்துவராவிட்டால், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையையே திரும்பப் பார்க்க வேண்டிவரும். இந்த வேலையை விட்டு என்னால் நகர முடியாததற்கு அதுதான் காரணம்.

ஒருமுறை சோதனை ஒன்று தேறவே இல்லை. காற்றும் கருவியும் படத்தை எவ்வளவு மங்கலாக்குகின்றன என்பதை நட்சத்திரங்களை வைத்துத்தான் கணிப்போம். அவை வெறும் புள்ளிகள் என்பதால் எவ்வளவு பரவியிருந்தாலும் அது மங்கலின் கணக்கு. பிரகாசமான நட்சத்திரங்களிலிருந்து கணித்த பரவல், மங்கிய நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மூன்று வாரம் என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். அப்புறம் நட்சத்திரத்தின் பிரகாசத்துக்கு எதிராக அதன் அளவை வரைந்து பார்த்தேன். புள்ளிகள் சாய்வாக ஏறின. பிரகாசம் கூடக்கூட நட்சத்திரம் பெருத்தது.

காரணம், ஒளியைப் பதிவுசெய்யும் டிடெக்டரில். ஒளி பட்டு ஒரு பிக்சலில் ஏற்கெனவே சேர்ந்த எலக்ட்ரான்கள், பின்னால் வருபவற்றைப் பக்கத்துப் பிக்சலுக்குத் தள்ளிவிடும். துறையில் பலரும் அறிந்த விளைவு இது, எங்கள் திருத்தம் போதவில்லை. அப்படியே விட்டிருந்தால் மங்கலை அதிகமாகக் கழித்து, நசுங்கலைக் கூட்டிக் காட்டி, பிரபஞ்சம் உள்ளதைவிட அதிகமாகத் திரண்டிருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

எங்கள் வடிவ அளவுகளை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி வைத்திருப்பார்கள். சோதனைகள் முடியும்வரை உண்மை விடை யாருக்கும் தெரியாது. இது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவை வைத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவான திரட்சியைச் சில ஆய்வுகள் கண்டிருந்தன. விடை தெரிந்தால், பிடித்த பக்கம் வந்ததும் தேடலை நிறுத்திவிடுவோம்.

திருத்தத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டினோம். சாய்வு போய்ப் புள்ளிகள் கிடையாக நின்றன. விடை எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்தது. எங்கே போய் நிற்கும் என்பது இன்னும் மூடியே இருந்தது. சரி, அடுத்த சோதனையைத் திறந்தேன்.