ஏற்காட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கரடு

ஏற்காடு போகிறவர்கள் சேலத்தில் டிபன் முடித்ததும் நேரே அடிவாரத்துக்கு வண்டியை விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை நான் மாமாங்கம் பக்கம் திருப்பினேன். சேர்வராயன் மலை கரும்பச்சையாக நிற்க, அதன் காலடியில் சுண்ணாம்பு கொட்டினாற்போல மேடுகள். எல்லாம் குழிகளிலிருந்து வாரிப்போட்ட கழிவு. மேக்னசைட் என்று இங்கே அதிகம் பேர் சொல்வதில்லை, வெள்ளைக்கல்தான். ரயில்வேதான் ஒரு ஸ்டேஷனுக்கே 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று பேர் வைத்திருக்கிறது.

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் சூளையில் வேலை பார்த்தவராம். "நூறு கிலோ கல்லப் போட்டா அம்பது கிலோகூடத் தேறாது கண்ணு. மிச்சமெல்லாம் காத்தாப் போயிரும்." கணக்கு சரிதான். சுத்தமான வெள்ளைக்கல்லின் எடையில் 52 சதவீதம் கரியமில வாயு, சூளையில் சுட்டால் அது பிரிந்து போய்விடும். மிஞ்சுகிற மக்னீசியா உருகவேண்டுமானால் சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதில் செங்கல் செய்வது அதனால்தான்.

அப்புறம் சீனச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. போதாததற்கு அனுமதிச் சிக்கலில் குழிகள் வருசக்கணக்கில் சும்மா கிடந்தன. "பெரியவன் ஆட்டோ ஓட்டறான். சின்னவன் கொலுசுப் பட்டறையில பத்தவைக்கிறான், வெள்ளி வெல ஏறுனா ஆர்டர் நின்னுரும். மருமக குச்சிக்கிழங்கு சீசனுக்குச் சேகோ ஆலைக்குப் போவா." தனக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை என்பதைக் கடைசியாக, டீ கிளாஸைக் கழுவி வைக்கும்போதுதான் சொன்னார்.

சுரங்கம் மூடப்படும் நிலக்கரி ஊர்களைப் பற்றிய கூட்டங்களில், ஒரே தொழிலை நம்பாமல் பல தொழில்களுக்கு மாறுவதைப் 'பொருளாதாரப் பன்முகமாக்கல்' என்று பேசுவார்கள். பெரியவர் வீட்டிலும் மூன்று தொழில், மூன்றும் நிச்சயமில்லாதவை. அதற்கு அந்தப் பேரை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினால் மேலேயும் சுரங்கக் கதைதான். சேர்வராயன் கோயில் நிற்கும் மலைத்தலையில் மண் செம்பழுப்பு, பாக்சைட் கலந்தது. மேட்டூரில் 1965-இல் ஓடத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் கல் இறங்கியது. அந்த உலையும் அணைந்து பல வருசமாகிறது. காபித் தோட்டமும் மிளகும் இருந்ததால் மலை தப்பித்தது. வார இறுதிக் கூட்டமும் பஜ்ஜிக் கடைகளும் இப்போது கூடுதல் வருமானம்.

'லேடீஸ் சீட்' என்கிற காட்சி முனையில் நின்று கீழே பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் வெள்ளைத் திட்டைக் காட்டி, "அது என்னங்க, உப்பளமா?" என்றார். வெள்ளைக்கல் என்றேன். "ஓ" என்றவர், செல்ஃபி எடுக்கத் திரும்பிக்கொண்டார்.